அம்மா கூட்டிவைத்த கொல்லை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த வீடியோ கடைக்குக் கல்யாணங்கள்தான் சோறு போட்டன. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நல்ல நாள் வந்துவிட்டால் கடையின் கேமராக்கள் ஒவ்வொன்றும் ஒரு மண்டபத்துக்குப் போய்விடும். என் வேலை பின்னறையில். மணமக்களின் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து, அவை திரையின் ஓரத்திலிருந்து பறந்து வந்து நடுவில் ஒட்டிக்கொள்ளும்படி செய்வேன். மாலை மாற்றும்போது ரோஜா இதழ் உதிர வேண்டும். பெற்றவர் காலில் விழும்போது இதய வடிவத்துக்குள் முகம் தெரிய வேண்டும். இதற்கெல்லாம் ஒரு கருவி இருந்தது. அதை இயக்கத் தெரிந்தவள் கடையில் நான் ஒருத்திதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவளும் நான் ஒருத்திதான். அம்மா கிள்ளானுக்கு வெளியே பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கினாள். அப்பா லோரி ஓட்டினார், பாதி நாள் வடக்கே எங்கேயாவது இருப்பார். நான் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, அப்புறம் பஸ் ஏறிப் போய் மலாய்ப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்தேன். ஆங்கிலம் நானாகப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது, மறைத்து வைத்ததும் இல்லை. ரோஜா இதழ் உதிர்ப்பதோடு என் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, எதை எடுப்பது எதை விடுவது என்று சொல்கிற வேலை எனக்கு வேண்டும். முதலாளியிடம் கேட்டால், "அது ஆம்பளைங்க வேலைலா. மண்டபத்துல முட்டி மோதிக்கிட்டு நிக்கணும்" என்பார்.

வாய்ப்பு மண்டபத்திலிருந்து வரவில்லை. கோலாலம்பூரில் ஒரு பயிற்சி மையம் இருந்தது. வெளிநாட்டுத் தொலைக்காட்சி நிலையங்களில் வேலை செய்கிறவர்கள் சில வாரங்கள் வந்து படித்துப் போவார்கள். அந்த முறை வந்தவர்கள் ஆப்பிரிக்க நாடுகளில் விவசாய நிகழ்ச்சி தயாரிப்பவர்கள். பயிற்சி முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒரு சிறு படம் எடுத்துத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். மையத்தில் கேமரா போதவில்லை. எங்கள் கடையிலிருந்து ஒரு கேமரா, அதை இயக்கும், கடையில் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிற கேமராக்காரர், மொழிபெயர்க்க நான் என்று எங்களை வாடகைக்கு எடுத்தார்கள்.

எங்களுக்கு அமைந்தவர் ஜாம்பியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். உயரமானவர், கனத்த குரல், எதையும் இரண்டாம் தடவை சொல்லாத பழக்கம். அவருடைய நிகழ்ச்சியைக் கிராமத்து மக்கள் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதில்லை, வீட்டில் மின்சாரமே கிடையாது என்றார். நிலையத்து வேனில் ஒரு டிவிப் பெட்டியையும் லோரி பேட்டரிகளையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்களாம். பள்ளிக்கூடத்து ஜன்னலில் பெட்டியை வைத்தால் ஊரே வெளியில் உட்கார்ந்து பார்க்குமாம்.

அங்கே மழை மாறிவிட்டது. முன்பெல்லாம் விதைக்கிற மாதத்தில் ஒழுங்காகத் தொடங்கும். இப்போது தள்ளித் தள்ளிப் போகிறது. வந்தாலும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டு, அடுத்த மழைக்கு வாரக்கணக்கில் வானத்தைப் பார்க்க வைத்துவிடுகிறது. பூமியின் காற்று ஏன் சூடாகிறது என்று விளக்க நிலையத்தில் ஒரு பேராசிரியரை உட்காரவைத்துப் பேசவைத்தார்களாம்.

"அவர் முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்" என்றார் அந்தப் பெண்மணி. "மழை மாறியது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விதைத்தது காயாமல் இருக்க நாளைக் காலையில் நான் என்ன செய்யலாம், அதைக் காட்டு என்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மொழி. அதனால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் படம் புரிய வேண்டும்."

மையம் எங்களை ஒரு மாதிரிப் பண்ணைக்கு அனுப்பியது. சொட்டுநீர்க் குழாய், மோட்டார், பாத்தி முழுக்க விரித்த கறுப்பு பிளாஸ்டிக். அண்ணன் உற்சாகமாகக் கேமராவைத் தோளில் ஏற்றினார். அந்த அம்மா ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது. இதில் எது என் மக்களிடம் இருக்கிறது?" என்று கேட்டார். அவர் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

அது வியாழக்கிழமை. திங்கட்கிழமை அவருக்கு விமானம். ஊர் போய்ச் சேர்ந்ததும் விதைப்புக்கு முன்னால் டிவி வேன் புறப்பட்டாக வேண்டும். படம் இல்லையென்றால் இந்த விதைப்புக்கும் அந்தப் பேராசிரியர்தான்.

திரும்பி வரும் வழியில், எங்கள் அம்மாவின் கொல்லையைப் பற்றி அவரிடம் சொன்னேன். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் பின்னால், லோங்காங் வடிகாலை நோக்கிச் சரியும் ஒரு துண்டு நிலம். வெண்டி, கத்திரி, பயற்றங்காய், ஒரு ஓரத்தில் சோளம். குழாயடி தூரம் என்பதால் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் தினமும் தண்ணீர் சுமக்க முடியாது. லாலாங் புல்லை வெட்டிக் காயவைத்து, செம்பனை மட்டையோடு சேர்த்துப் பாத்தி முழுக்கக் கனமாகப் பரப்பிவிடுவார்கள். மண் கண்ணிலேயே படாது. வெயிலிலும் உள்ளே ஈரம் நிற்கும்.

அவர் என் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். "புல். வேறு ஒன்றும் இல்லையா?"

"வேறு ஒன்றும் இல்லை."

கடைக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஏன்மா, அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தவங்களுக்கு லயத்து வீட்டுக் கொல்லையையா காட்டறது?"

"அவங்களுக்கு அதுதான் வேணுமாம் பாஸ். நான் எடுத்துக் குடுக்கறேன்."

"நீ எடுக்கறியா?"

"ஆமா. அண்ணே கேமரா பிடிக்கட்டும். என்ன எடுக்கணும்னு நான் சொல்றேன்."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார். "சரி. சனிக்கிழமை ஒரு நாள் தரேன். அந்தம்மா சரின்னு சொல்லிட்டா இனிமே மையத்து வேலை முழுக்க உன்கிட்ட. இல்லேன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. பின்னாடி ரூமு, ரோஜாப்பூ."

"சரி பாஸ்."

வெள்ளிக்கிழமை கிள்ளானுக்குப் போய் அம்மாவிடம் நேரிலேயே சொன்னேன். நாளைக்கு டிவிக்காரர்கள் வருகிறார்கள், கொல்லையை எடுக்கப் போகிறார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். "சரி சரி" என்றாள் அம்மா. கொல்லையை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அதைக் கேட்டு எந்த வீட்டிலும் யாரும் சும்மா இருந்ததில்லை.

சனிக்கிழமை வேன் லயத்துக்குள் திரும்பும்போதே புகை வாசம். அந்த மாதங்களில் புகைமூட்டம் வழக்கம்தான், ஆனால் இது பக்கத்தில் எரிகிற புகை. வாசலில் பெரிய கோலம். லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் தீபாவளிப் புடவையில் வரிசையாக நின்றார்கள். நடுவில் அம்மா. அரக்குப் பட்டு, கழுத்தில் சங்கிலி, தலையில் மல்லிகை.

நான் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் பின்பக்கம் ஓடினேன். கொல்லை பளபளவென்று இருந்தது. ஒரு புல் இல்லை, ஒரு மட்டை இல்லை. ஈர்க்குமாற்றின் கோடுகள் பாத்திகளில் வரிவரியாகத் தெரிந்தன. ஓரத்தில் சாம்பல் குவியல் புகைந்துகொண்டிருந்தது.

"அம்மா, புல்லு எங்க?"

"எரிச்சாச்சு. விடியக்காலையிலேர்ந்து எல்லாருமா சேர்ந்து வாரினோம். இடுப்பே போச்சு."

"ஒண்ணும் செய்யாதன்னு சொன்னேன்ல."

"அதுக்குன்னு? வெளிநாட்டுலேர்ந்து ஒரு பொம்பளை வராங்க, அவங்க முன்னாடி குப்பையைப் போட்டு வெச்சிருப்பாங்களா? நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"அந்தப் புல்லைப் பாக்கத்தாம்மா அவங்க வந்திருக்காங்க."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "புல்லைப் பாக்கவாம். பிளேன் ஏறி வந்திருக்காங்களாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என்னைத் தவிர.

இதற்குள் அந்த ஜாம்பியா அம்மா வந்து பாத்தியின் ஓரத்தில் நின்றிருந்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஈர்க்குமாற்றுக் கோடுகளைப் பார்த்தார், சாம்பலைப் பார்த்தார். "எனக்காகச் சுத்தம் செய்திருக்கிறார்கள்" என்றார். "எங்கள் ஊரிலும் இப்படித்தான் செய்திருப்பார்கள்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணன் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "தங்கச்சி, திரும்பிப் போயிடலாமா?"

"இல்லண்ணே. கேமராவை இறக்குங்க."

நின்ற இடத்திலேயே யோசித்தேன். வெறும் மண் கிடைத்துவிட்டது. அதைப் பாதியில் அப்படியே விடலாம். மற்றப் பாதியில் புல்லைப் போட்டு மூடலாம். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றிவிட்டு, வெயில் ஏறி இறங்கியதும் இரண்டிலும் விரலை விட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரே நாளில் எடுத்துவிடக் கூடிய படம்தான். அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு உடனே செருப்பைக் கழற்றினார்.

செம்பனை வரிசைகளுக்கு நடுவே காய்ந்த மட்டை குவிந்து கிடக்கும். ரோட்டோரம் வெட்டிப் போட்ட லாலாங்கும் இருந்தது. அள்ள ஆள் வேண்டும். பட்டுப்புடவைகள் தயங்கின.

"எல்லாரும் போய் வழக்கமா கட்டுற கைலியக் கட்டிக்கிட்டு வாங்க. அப்படித்தான் எடுக்கணும்" என்றேன்.

மற்றவர்கள் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா அசையவில்லை.

"நான் கைலியோட டிவியில வரமாட்டேன்."

"அம்மா, இது கல்யாணம் இல்ல. வேலை செய்யறதக் காட்டறோம்."

"என்ன வேணாலும் காட்டு. உன்னை பஸ்ஸு ஏத்திப் படிக்க அனுப்பிச்சது, பெத்தவளைக் கிழிஞ்ச கைலியோட ஊரு உலகத்துக்குக் காட்டறதுக்காடி?"

லயமே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் சுருக்கென்றது. ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "சரி, மூஞ்சி வேண்டாம். கை காலை மட்டும் எடுக்கறோம்" என்றேன். அம்மா அதற்குக் கொஞ்சம் இறங்கி வந்தாள். ஜாம்பியா அம்மா என்ன பேச்சு என்று கேட்டார். சொன்னேன்.

அவர் ஒரே வார்த்தையில் மறுத்தார். "முடியாது. முகம் இல்லாத கையை என் மக்கள் நம்பமாட்டார்கள். இது யார், எங்கே இருக்கிறாள், இவளுக்கு எத்தனை பிள்ளை, வீட்டில் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்பார்கள். கையும் காலும் மட்டும் தெரிந்தால், ஏன் ஒளிந்திருக்கிறாள், திருடியா என்பார்கள்."

அப்படியே மொழிபெயர்த்தேன். திருடி என்றதும் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரு திருடி? இங்க வந்து விசாரிக்கச் சொல்லு. இந்தக் கொல்லை எப்படி வந்ததுன்னு தோட்டத்து ஆபீஸ் கிராணியைக் கேக்கச் சொல்லு." கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானே ஒரு பேரம் பேசினாள். "முதல்ல இந்தப் பொடவையோட, நகையோட, கொல்லைக்கு முன்னாடி நிக்க வெச்சு எடு. இவதான் சொந்தக்காரின்னு தெரியட்டும். அதுக்கப்புறம் கைலியக் கட்டறேன். வேலை செய்யும்போது வேலைக்காரி மாதிரி இருந்தா தப்பில்ல. ஆனா முதல்ல பாக்கறப்பவே வேலைக்காரியா நிக்கமாட்டேன்."

எனக்கு அது வீண் ஜம்பமாகப் பட்டது. எரிச்சலோடுதான் மொழிபெயர்த்தேன். ஜாம்பியா அம்மா கைதட்டினார். நகை போட்ட பெண் சொன்னால்தான் அங்கேயும் கேட்பார்கள், இதனால் இவள் நன்றாக இருக்கிறாள் என்று கண்ணால் பார்த்தால்தான் அடுத்ததைச் செய்வார்கள் என்றார். நான் அண்ணனுக்குக் கைகாட்டினேன்.

அம்மா பட்டுப்புடவையில் நின்றாள். அண்ணன் பழக்கதோஷத்தில், "சிரிங்கம்மா, கொஞ்சம் தலைய இந்தப் பக்கம், பூ தெரியட்டும்" என்றார். "பூ வேண்டாம்ணே, பின்னாடி கத்திரிக்காய் தெரியட்டும்" என்றேன். அவருக்கு அது பெரிய தண்டனை.

பிறகு கைலிகள் வந்தன. மட்டை இழுத்து, லாலாங் சுமந்து, பாதிக் கொல்லையை மூடினார்கள். ஜாம்பியா அம்மாவும் இடுப்பில் ஒரு பூப்போட்ட துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு புல் சுமந்தார். பெண்கள் அவருக்குக் கனமான கட்டாகப் பார்த்துத் தூக்கிவிட்டார்கள், வேண்டுமென்றேதான். அவர் இரண்டு கட்டாகக் கேட்டார். அதோடு அவரை மேடம் என்று கூப்பிடுவது நின்று அக்கா ஆகிவிட்டது. அம்மா மட்டும், "உனக்கு எத்தனை பிள்ளை, தங்கச்சி?" என்று தமிழிலேயே கேட்டாள். அவரும் ஏதோ புரிந்த மாதிரி தம் மொழியில் பதில் சொன்னார். நான் குறுக்கே போகவில்லை.

இரண்டு பாதிக்கும் ஒரே தகரத்தால் அளந்து தண்ணீர் ஊற்றினோம். அதை எடுத்தோம். இனி வெயில்தான் வேலை செய்ய வேண்டும். அம்மா சமைத்திருந்ததை எல்லாரும் சாப்பிட்டோம்.

மதியத்துக்கு மேல் கடல் பக்கம் வானம் கறுத்தது. கிள்ளானில் அந்தப் பருவத்தில் இது புதிது இல்லை, ஆனால் நான் வெயிலையே நம்பி உட்கார்ந்திருந்தேன். போய்ப் பார்த்தேன். வெறும் பாத்தி மேலே கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். கேமராவில் தெரிகிற அளவுக்கு இன்னும் காயவில்லை.

அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தங்கச்சி, நான் ஒண்ணு சொல்லட்டா? அந்தச் சாம்பலைக் கொஞ்சம் எடுத்துக் காஞ்ச பக்கம் தூவிடலாம். புல்லு பக்கம் ஒரு வாளி தண்ணி ஊத்திட்டு கையை விட்டு எடுத்துடலாம். அஞ்சு நிமிஷ வேலை. தாலி கட்டுறதையே தெரியலைன்னா திரும்ப ஒருக்கா கட்டச் சொல்லி எடுக்கறோம்ல. யாருக்குத் தெரியப்போவுது?"

அவர் எனக்கு உதவத்தான் பார்த்தார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. வெயில் இருந்திருந்தால் சாயங்காலம் எப்படி ஆகியிருக்குமோ அதைத்தான் காட்டப் போகிறோம். பின்னறையும் ரோஜாப்பூவும் கண்முன்னால் வந்து நின்றன.

"வேண்டாம்ணே."

"ஏன்மா?"

"தாலியைத் திரும்பக் கட்டினா யாருக்கும் நஷ்டம் இல்ல. இதைப் பாத்துட்டு ஒருத்தி வீட்டுல இருக்கற விதையெல்லாம் எடுத்து விதைப்பா. நாம காட்டின மாதிரி நடக்கலேன்னா அவ அடுத்த தடவை அந்த வேன் பக்கமே வரமாட்டா."

"அப்ப என்ன செய்யப்போறே?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் கேமராவைப் பெட்டியில் வைக்க விடவில்லை. முதல் துளிகள் விழுந்தன. பெண்கள் துணியை எடுக்க ஓடினார்கள். நான் கொல்லையிலேயே நின்றேன். சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. வெறும் பாத்தியில் ஒவ்வொரு துளியும் மண்ணைக் குத்தித் தெறித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து செம்மண் நீர் கோடு கோடாக லோங்காங்குக்கு ஓடத் தொடங்கியது. புல் மூடிய பக்கத்திலிருந்து ஒன்றுமே ஓடவில்லை. மழை அங்கே விழுந்து, அப்படியே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மழை வந்தால் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போகிறது என்று அந்த அம்மா சொன்னது அப்போதுதான் முழுதாக உறைத்தது. காய்வது பாதி, கொட்டுவது பாதி. நான் காய்வதை மட்டுமே எடுக்க வந்திருக்கிறேன்.

"அண்ணே, இதை எடுக்கணும்."

"கேமரா நனைஞ்சா பாஸு என்னைத் தொலைச்சுடுவாரு."

வேனில் மாப்பிள்ளை அழைப்புக் குடை இருந்தது. சிவப்புப் பட்டு, சுற்றிலும் ஜரிகைக் குஞ்சம், அடுத்த நாள் ஒரு மண்டபத்துக்குப் போக வேண்டியது. எடுத்துக்கொண்டு ஓடிவந்து கேமராவுக்கு மேலே பிடித்தேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டே குடைக்குள் வந்தார். "மாப்பிள்ளை கேமராதான் போல" என்று அம்மா வாசலிலிருந்து கத்தினாள். அவளிடம் இரண்டு ஊறுகாய்ப் போத்தல் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொண்டுவந்தாள், புடவை இல்லை, சங்கிலி இல்லை, கைலி முழங்காலோடு ஒட்டியிருந்தது. கேமரா ஓடுவது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. இரண்டு பக்கத்திலும் பாத்தி முடிகிற இடத்தில் குழி பறித்து, போத்தலின் வாய் மேலே தெரிய அவளே புதைத்தாள்.

மழை விட்டதும் எடுத்தோம். ஒன்று வாய் வரை நிறைந்து பால் கோப்பி நிறத்தில் இருந்தது. மற்றதில் அடியில் கொஞ்சம் தண்ணீர், அதன் வழியாக அம்மாவின் விரல் தெரிந்தது. இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அம்மா கேமராவைப் பார்த்தாள். அண்ணன் சிரிக்கச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் பின்னறையில் வெட்டி ஒட்டினேன். பட்டுப்புடவை, புல் பரப்புவது, ஒரே தகரத் தண்ணீர், மழை, போத்தல்கள். காய்ந்த மண்ணில் விரலை விடும் காட்சி இல்லை. அதைப் போட முடியவில்லை என்பதை, படம் பார்க்கக் கடைக்கு வந்த அந்த அம்மாவிடம் முதலிலேயே சொன்னேன். முதலாளி வந்து பின்னால் நின்று பார்த்தார். "எழுத்துப் பறக்கலியே" என்றார். "வேண்டாம் பாஸ்." சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிட்டேன். போத்தல்கள் வந்தபோது ஜாம்பியா அம்மா, "இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும். என் மக்கள் எழுந்து கிட்டே வந்து பார்ப்பார்கள்" என்றார். பிறகு முதலாளியிடம் திரும்பி, "இதை எடுத்துப் போகிறேன்" என்றார்.

முதலாளி குஞ்சம் நனைந்த குடையைப் பற்றித் திட்டிவிட்டு, மையத்து வேலை இனி உன்னிடம் என்று சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அடுத்த வருடம் அதே பயிற்சிக்கு அதே ஜாம்பியா நிலையத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். அந்த அம்மாவோடு டிவி வேனில் போனவர். படத்தை ஊர் ஊராகக் காட்டினார்களாம். போத்தல் காட்சியை ஒவ்வொரு ஊரிலும் திரும்பப் போடச் சொன்னார்களாம். சில ஊர்ப் பெண்கள் சோளத்துக்குப் புல் மூடியிருக்கிறார்கள், அங்கே பயிர் மழையில்லாத வாரங்களைத் தாங்கியிருக்கிறது. "ஆனால் சில ஊரில் கரையான் வந்து புல்லை முழுக்கத் தின்றுவிட்டது" என்றார். "அந்த நகை போட்ட அம்மா கரையானுக்கு என்ன செய்கிறார் என்று கேட்டுவரச் சொன்னார்கள்."

கிள்ளானுக்குப் போய்க் கேட்டேன். அம்மாவுக்கு முதலில் தன் நகை அங்கே பேசப்பட்டதில்தான் சந்தோஷம். பிறகு கரையானைப் பற்றி யோசித்தாள். "இங்க அது வீட்டு மரத்தைத் தின்னும். என் கொல்லையில புல்லைத் தின்னு நான் பாத்ததில்ல. பாக்காததுக்கு நான் என்னடி மருந்து சொல்றது? தெரியலன்னு சொல்லு."

மையத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்த அறையில் அப்படியே சொன்னேன். எங்களுக்குத் தெரியாது. உங்கள் பெண்களில் யாருடைய பாத்தியிலாவது கரையான் வராமல் இருந்திருக்கும், அவள் என்ன செய்தாள் என்று போய் எடுங்கள், எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

தமக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது, நிலையத்தில் அதற்கு வேறு ஆள் இருக்கிறார், அவர் கிராமத்துக்கு வரமாட்டார் என்றார் அந்த இளைஞர்.

"கத்துக்கலாம்" என்றேன். மறுநாள் காலை அண்ணனை வரச் சொல்லி, கேமராவை அந்த இளைஞரின் தோளில் ஏற்றினேன்.